நீர்வாழ் பூச்சியுண்ணிக்கு இரை போடலாமா, சும்மா விடலாமா? பெங்களூர் பால்கனித் தொட்டிக்கு ஐந்து வழிகள்

பெங்களூரில் பால்கனித் தொட்டியில் யூட்ரிகுலேரியா (தண்ணீருக்குள் குட்டிப் பைகளால் சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்னும் செடி) வளர்ப்பவர்கள், அதிலும் மீன் தொட்டிப் பழக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள், திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: இதுக்கு இரை போடணுமா? போட்டால் எதைப் போடுவது? போடாமல் விட்டால் செத்துவிடுமா? ஒருவர் டாஃப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சியை வளர்க்கச் சொல்கிறார், இன்னொருவர் கொசுப்புழுவே போதும் என்கிறார், மாடித்தோட்டக்காரர் ஒருவர் பஞ்சகவ்யம் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்கள் என்கிறார் (தயவுசெய்து வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது).

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரை கிடைத்தால் இந்தச் செடிகள் வேகமாக வளரும், அதில் சந்தேகமே இல்லை. செக் குடியரசின் த்ரெபோன் ஊரில் லுபோமிர் அடாமெக் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக யூட்ரிகுலேரியாவையும், இன்னொரு நீர்வாழ் பூச்சியுண்ணியான ஆல்ட்ரோவாண்டாவையும் இரை போட்டும் போடாமலும் வளர்த்துப் பார்த்திருக்கிறார், இரை கிடைத்தவை தெளிவாக முந்துகின்றன. ஆனால் வெளிச்சமும் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் போதாத தொட்டியில் இரை போட்டுப் புண்ணியம் இல்லை. பெரும்பாலான பால்கனித் தொட்டிகளில் குறைவது இரை அல்ல, அந்த வாயுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் வளர்ச்சி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஸ்கேல் வைத்து நீளம் அளக்கிறார்கள். இந்தச் செடிகளுக்கு வேரே கிடையாது. நுனியில் புதுக் கணு வந்துகொண்டே இருக்கும், அதே நேரத்தில் பின்முனை பழுத்து அழுகிக்கொண்டே வரும். அதனால் நன்றாக வளர்கிற செடிகூட மாதக் கணக்கில் அதே நீளத்தில் இருக்கலாம். நல்ல நிலையில் ஆல்ட்ரோவாண்டா நாளுக்குச் சுமார் ஓர் இலைவட்டம் போடும், மிதக்கும் யூட்ரிகுலேரியாக்கள் அதையும் தாண்டும். சரியாக அளக்க ஒரு வழி இருக்கிறது: நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு கணுவில் மெல்லிய நூலைத் தளர்வாகக் கட்டி விடுங்கள், ஒரு வாரம் கழித்து நூலுக்கும் நுனிக்கும் இடையில் எத்தனை கணு கூடியிருக்கிறது என்று எண்ணுங்கள். கூடவே எத்தனை கிளை புதிதாகப் பிரிந்திருக்கிறது என்றும் பாருங்கள். இரையின் பலன் பளிச்சென்று தெரியும் இடம் கிளைதான். ஒரு தண்டு ரெண்டாகி ரெண்டு நாலானால்தான் தொட்டி நிறையும்.

ஏன் கிளை என்றால், இரை கொடுப்பது பெரும்பாலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும். பழுக்கும் பின்முனையிலிருந்து இந்த ரெண்டையும் செடி கணிசமாகத் திரும்ப உறிஞ்சி நுனிக்கு அனுப்பிக்கொள்கிறது, அதை வைத்து ஏற்கனவே இருக்கும் நுனியை ஓட்டிவிடும். புதிதாக இன்னொரு நுனியைத் தொடங்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து கூடுதல் சரக்கு வேண்டும், இரை கொண்டுவருவது அதைத்தான். பொட்டாசியம் விஷயத்தில் அப்படித் திரும்ப எடுப்பது சரியாக நடப்பதில்லை. அதைத் தண்ணீரிலிருந்து தண்டும் இலையும் நேரடியாக உறிஞ்சுகின்றன.

இரண்டாவது அளவுகோல், இரை பொறிக்குள் நுழையுமா என்பது. யூட்ரிகுலேரியாவின் பொறி ஒரு குட்டிப் பை. நம் தொட்டிகளில் அதிகம் இருக்கும் கிப்பா இனத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும், ஆரியா இனத்தில் கொஞ்சம் பெரிது. பையின் சுவரில் உள்ள சுரப்பிகள் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருப்பதால் உள்ளே அழுத்தம் குறைந்து, பக்கங்கள் ஒட்டிய கன்னம் மாதிரி உள்வாங்கிக் கிடக்கும். கதவருகே நீட்டிக்கொண்டிருக்கும் முடியை ஏதாவது உரசினால் கதவு உள்ளே மடங்கி, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே போய்விடும். 2011-இல் வெளியான ஓர் அதிவேகக் கேமரா ஆய்வு, உள்ளே இழுக்கப்படும் நீரின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 600 மடங்கு வரை போகிறது என்று காட்டியது. (1875-இல் டார்வின், இரையே கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு நுழைகிறது என்றுதான் நினைத்தார். வெறுங்கண்ணுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது.) உள்ளே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, அதனால் இரை மூச்சு முட்டியே சாகிறது. பை மறுபடி தண்ணீரை இறைத்துத் தயாராவதற்குக் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் ஆகும்.

இப்படி ஓயாமல் இறைப்பதற்குச் சக்தி செலவாகிறது. பொறிகள் நிறையச் சுவாசிக்கும், ஒளிச்சேர்க்கையில் இலையைவிட மிகக் குறைவாகத்தான் பங்களிக்கும், செடியின் மொத்த எடையில் பாதிவரைகூட அவையே இருக்கலாம். ஆகவே செடிக்குப் பொறி என்பது செலவு பிடிக்கிற சமாச்சாரம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேறு வழியில் தாராளமாகக் கிடைத்தால் பல யூட்ரிகுலேரியா இனங்கள் பொறி போடுவதையே குறைத்துக்கொள்கின்றன. உர வழியைப் பேசும்போது இது திரும்ப வரும்.

மற்ற அளவுகோல்கள் நேரடியானவை: தண்ணீர் கெட்டுப் பாசி பிடிக்குமா, உங்களுக்கு எவ்வளவு வேலை, எவ்வளவு காசு, அப்புறம் பெங்களூரில் இருந்துகொண்டு விடவே முடியாத ஒன்று, கொசு.

## வழி 1: சும்மா விடுவது

ஒன்றும் போடாமல், மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றி, வெளிச்சத்தில் வைத்துவிடுவது.

செத்துவிடாது. ஒளிச்சேர்க்கை செய்யும் பச்சைச் செடி அது, இரை அதற்குச் சோறு மாதிரி அல்ல. திறந்த தொட்டியில் தூசி விழும், மகரந்தம் விழும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தாமாக வந்து சேரும். பொறிகள் எதுவும் தொடாமலேகூட அவ்வப்போது தாமாக ஒருமுறை வெடித்து உறிஞ்சிக்கொள்கின்றன. அப்போது உள்ளே போவதில் பாக்டீரியா, ஒற்றைச்செல் உயிர்கள், பாசி என்று ஒரு குட்டிக் கூட்டமே இருக்கும். அதில் சில உள்ளேயே குடித்தனம் நடத்துகின்றன. வெறும் பை என்று நாம் நினைப்பதும் முழுக்க வெறுமையாக இருப்பதில்லை.

மறைமுகச் செலவு நேரம்தான். கிளை பிரிவது மெதுவாக இருக்கும், தொட்டி நிறைவது தள்ளிப்போகும், பூ வருவதும் நிச்சயமில்லை. இன்னொன்று, சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தால் பொட்டாசியம், மக்னீசியம் போன்றவைகூடக் கிடைக்காமல் செடி நூலாக மெலிந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரோடு குளோரின் போன காவேரித் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துகொள்வது இதற்குப் போதும். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாப்பூர் பக்கத்து போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் வேறு கதை, கடினத்தன்மை மிக அதிகம், அதை நேராக ஊற்ற வேண்டாம்.

கிப்பா இனத்துக்கு இந்த வழியே போதும். மீன் தொட்டிக்காரர்கள் இதைக் களை என்று திட்டுகிறார்கள், கடையில் வாங்கிய வேறு ஏதோ செடியோடு ஒட்டிக்கொண்டு வந்து பாசிப் பந்து மாதிரிப் பரவிவிடும். இதற்கு இரை வளர்த்துப் போடுகிறேன் என்று மெனக்கெடுவதில் அர்த்தமில்லை. (2013-இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது வெறும் 82 மில்லியன் டி.என்.ஏ. எழுத்து என்று வந்தது, பூக்கும் தாவரத்துக்கு அது ரொம்பச் சின்னது, அதற்குள் சுமார் 28,500 மரபணுக்களை அடைத்து வைத்திருக்கிறது. பால்கனியில் களையாக வளர்கிற பொருள்மீது கொஞ்சம் மரியாதை வரட்டுமே என்றுதான் சொன்னேன்.)

## வழி 2: சருகு போட்டு நுண்ணுயிரை வளர விடுவது

எனக்குப் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம்தான். நீர்வாழ் பூச்சியுண்ணிகள் பெரும்பாலும் இந்தக் கரைந்த வாயுவை மட்டுமே எடுக்கும். வேறு பல நீர்ச்செடிகளைப்போல பைகார்பனேட்டிலிருந்து கார்பனைப் பிரித்தெடுக்கும் திறமை இவற்றுக்கு இல்லை. இவை இயற்கையாக வாழ்கிற இடங்களில், அதாவது கோரையும் சருகும் மட்கிக் கிடக்கும் ஆழமில்லாத பழுப்புத் தண்ணீரில், இந்த அளவு பத்து மடங்குக்கும் மேலே இருக்கும். மட்கும் சருகிலிருந்து இரவும் பகலும் வாயு வந்துகொண்டே இருப்பதுதான் காரணம். நம்முடைய தெளிந்த பிளாஸ்டிக் தொட்டியில் அது எங்கே இருக்கிறது? நைட்ரஜனும் பாஸ்பரஸும் இரையாக எவ்வளவு வந்தாலும் கார்பன் இல்லாமல் செடி எதை வைத்து உடம்பைக் கட்டும்?

ஆக, தொட்டியின் அடியில் காய்ந்த கோரை, புல், அல்லது நாட்டுவாதுமை இலை ஒரு மெல்லிய அடுக்கு. நாட்டுவாதுமை, அதாவது எல்லோரும் பாதாம் மரம் என்று சொல்வது, பெங்களூர்த் தெருக்களிலேயே நிறைய நிற்கிறது, சிவந்து விழுந்த இலையைப் பொறுக்கி நன்றாகக் காயவைத்து, ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிப் போட்டால் போதும். தண்ணீர் இளம் டீ நிறத்துக்கு வரும், அமிலத்தன்மை கொஞ்சம் ஏறும், பாசிக்கு அது பிடிக்காது. சருகின்மேல் பாக்டீரியா வளரும், பாக்டீரியாவைத் தின்ன ஒற்றைச்செல் உயிர்கள் வரும், அவற்றைத் தின்னச் சக்கர உயிரிகள் வரும். கிப்பா மாதிரி சின்னப் பொறிகளுக்கு இவையே சரியான அளவு இரை. ஆக ஒரே பொருள் கார்பனையும் கொடுக்கிறது, இரையையும் வளர்க்கிறது.

இது வெறும் ஊகம் அல்ல. ஆஸ்திரியாவின் சதுப்பு நீர்களில் எடுத்த யூட்ரிகுலேரியா பொறிகளைப் பிரித்துப் பார்த்தபோது விலங்கிரையைவிடப் பாசியும் மகரந்தத் துகளும்தான் அதிகம் கிடந்தன. பாசி நிறைய உள்ளே போன செடிகள் நீளமாகவும் கனமாகவும் இருந்தன. விலங்கிரை கிடைத்தவற்றில் நைட்ரஜன் கூடியிருந்தது, குளிர்காலத்தைத் தாண்ட நுனியில் உருவாகும் குளிர்கால மொட்டுகளும் நன்றாக வந்தன. ரெண்டும் கலந்து கிடைப்பதுதான் செடிக்கு நல்ல சாப்பாடு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் பொறுமை. முதல் ஒன்றிரண்டு வாரம் தண்ணீரின் மேல் வழவழப்பான படலம் வரும், லேசாக வாடையும் அடிக்கும், அது அடங்கிய பிறகுதான் செடியை விட வேண்டும். சருகை அள்ளிப் போட்டால் அடியில் ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் நாற்றம் வரும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கோகோபீட்டைச் சருகுக்கு மாற்றாகப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அதில் உப்பு இருக்கும், பலமுறை அலசாமல் போடவே கூடாது, அலசினாலும் சருகு அளவுக்கு நான் அதை நம்புவதில்லை.

## வழி 3: டாஃப்னியா, மொய்னா மாதிரி உயிர் இரை

வளர்ச்சி ஒன்றுதான் குறி என்றால் இதற்கு ஈடில்லை, ஆனால் மேலே சொன்ன சருகுத் தொட்டியில் போடும்போது மட்டும்.

அளவைப் பாருங்கள். வளர்ந்த டாஃப்னியா ரெண்டு மூன்று மில்லிமீட்டர் வரும், கிப்பாவின் பைக்குள் அது போகாது, குஞ்சுகள்தான் போகும். அதே வகை நீர்ப்பூச்சியான மொய்னா அதைவிடச் சின்னது, சைக்ளாப்ஸ் என்ற இன்னொரு குட்டி நீர் உயிரும் அப்படித்தான். ஆரியாவுக்கு மொய்னா பொருத்தமான அளவு. ஆல்ட்ரோவாண்டாவின் பொறி வேறு வகை, உறிஞ்சாது, ரெண்டு மடல் டக்கென்று மூடிக்கொள்ளும். அதற்கு ஆஸ்ட்ரகாட் என்ற, ஓட்டுக்குள் இருக்கும் குட்டி உயிர் ரொம்பத் தோது, அது இலையின்மேலேயே ஊர்ந்து திரிந்து பொறிக்குள் மாட்டிக்கொள்ளும். மீன் குஞ்சுத் தீவனமாக விற்கிற ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் குஞ்சும் போடலாம், ஆனால் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான். நன்னீரில் அது சில மணி நேரத்தில் செத்துவிடும், மாட்டாமல் மிஞ்சியது அடியில் அழுகும்.

இதன் மறைமுகச் செலவுகளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலாவது, டாஃப்னியாவுக்கு ஓடு கட்டக் கால்சியம் வேண்டும், இந்தச் செடிகளுக்கோ கால்சியம் குறைந்த, லேசான அமிலத் தண்ணீர்தான் பிடிக்கும். அதனால் ஒருமுறை விட்டால் தொட்டியிலேயே பெருகிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம், தனியாக இன்னொரு தொட்டியில் காவேரித் தண்ணீரில் வளர்த்து அவ்வப்போது அள்ளிப் போட வேண்டியிருக்கும். அந்த இன்னொரு தொட்டிக்குப் பச்சைத் தண்ணீரோ ஈஸ்ட்டோ கொடுக்க வேண்டும், ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் மொத்தமும் சரிந்து கிடக்கும். இரண்டாவது, கடையில் வாங்குகிற உயிர் இரையோடு வருகிற விருந்தாளிகள்: ஹைட்ரா (இரையைப் பிடித்துத் தின்னும் குட்டி நீர் உயிர்), நத்தை முட்டை, நூல்பாசி. நத்தை செடியையே மேயும், நூல்பாசி தண்டுக்குள் பின்னிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. டீ வடிகட்டியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, வளர்ப்புத் தண்ணீரை ஒரு சொட்டுகூட விடாமல் போடுங்கள். மூன்றாவது, கப்பியோ வேறு குட்டி மீனோ இருக்கிற தொட்டியில் இதைச் செய்து பயனே இல்லை, செடிக்கு மிஞ்சாது.

எவ்வளவு போடலாம்? ஒரு சிட்டிகை போட்டு, ரெண்டு நாள் கழித்தும் நீந்திக்கொண்டிருந்தால் அதற்கு மேல் வேண்டாம். எல்லாப் பொறியும் நிரம்ப வேண்டிய அவசியமே இல்லை, கொஞ்சம் பொறிகள் பிடித்தாலே அதன் பலன் நுனிவரை போய்ச் சேரும். இரை பிடித்த பொறி கறுத்துப்போவதைப் பார்த்துப் பதறாதீர்கள், செரிமானம் முடிந்து வயதான பொறி அப்படித்தான் ஆகும். நுனி பச்சையாக, சுருண்டு அடர்த்தியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

## வழி 4: கொசுப்புழு

இலவசம், தானாக வருகிறது, செடியும் தின்கிறது. புதிதாகப் பொரித்த குட்டிப் புழுக்களை யூட்ரிகுலேரியா நன்றாகவே பிடிக்கும். வளர்ந்த புழு பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் மாட்டிக்கொண்டு கிடப்பதையும் பார்க்கலாம். ஏடிஸ் புழுக்களை இது கொல்வதைப் பரிசோதனைகளும் காட்டியிருக்கின்றன.

ஆனால் எல்லாப் புழுவையும் பிடித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொட்டியில் தப்பிப் பிழைக்கும் கொஞ்சம் புழுவே தெருவுக்குப் போதும். டெங்குக் கொசு வளர்வது இதே மாதிரி சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான். 2024-இல் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்து, வீட்டில் கொசு உற்பத்தியாக விட்டால் அபராதம் என்றும் விதி போட்டது. சுகாதாரப் பணியாளர் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போது இது பூச்சியுண்ணிச் செடி என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் குழந்தையோ வயதானவரோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மேலே கொசுவலை கட்டுங்கள், இல்லையென்றால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைப் போடுங்கள், அது கொசுப்புழுவைத்தான் குறிவைக்கும், செடியை ஒன்றும் செய்யாது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், நகரத்துக்குள் யாருக்கும் இல்லை.

## வழி 5: தண்ணீரில் உரம் கலப்பது

இரை கொடுப்பது நைட்ரஜனும் பாஸ்பரஸும்தானே, அதையே நேராக 19-19-19 உரமாக (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ளது) கரைத்து ஊற்றினால் என்ன? நியாயமான கேள்விதான். செடி தண்டு வழியாகவும் சத்தை உறிஞ்சும், அதிலும் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை விரும்பி எடுக்கும். சிக்கல் என்னவென்றால் தண்ணீரில் கரைந்த சத்து எல்லோருக்கும் பொது. பொறிக்குள் போன மொய்னா அந்தச் செடிக்கு மட்டுமே சொந்தம், தண்ணீரில் கரைந்ததோ முதலில் பாசிக்குப் போகும். பாசி பெருகினால் பகலில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை எல்லாம் இழுத்துக்கொள்ளும், பி.எச். ஒன்பதைத் தாண்டிவிடும், அந்த நிலையில் நம் செடி எடுக்கக்கூடிய வடிவில் கார்பன் கிட்டத்தட்ட மிஞ்சாது. வெளிச்சத்தையும் பாசி மறைக்கும். செடி பட்டினியில் சாகும், நீங்கள் சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உரம் ஊற்றுவீர்கள்.

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கழிவுநீர் கலந்து சத்து நிரம்பி வழிந்த தண்ணீரில் நுரையும் ஆகாயத்தாமரையும்தான் பெருகின. அங்கே இரையும் ஏராளம், ஆனாலும் யூட்ரிகுலேரியாவுக்கு இடமில்லை, ஏனென்றால் சத்து கொட்டிக் கிடக்கும் இடத்தில் பொறி கட்டுவது நஷ்ட வியாபாரம், பொறி கட்டாத செடிகள் வேகத்தில் முந்திவிடும்.

பாசி வராமல் எப்படியோ சமாளித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் செடி பொறியைக் குறைத்துக்கொள்ளும். பொறியைப் பார்க்கத்தானே இதை வளர்க்கிறோம்?

பஞ்சகவ்யம், மண்புழு உரச் சாறு, மீன் அமிலம் எல்லாமே இதே கணக்கில்தான் வரும், மண்ணுக்கு நல்லது எல்லாம் இந்தத் தண்ணீருக்கு நல்லது என்று இல்லை. மீனுக்குப் போடும் குருணைத் தீவனமும் அப்படியே. அது நகராது, முடியைத் தொடாது, அழுகி அம்மோனியாதான் ஆகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. திசு வளர்ப்புக் கப்பில் விற்கிற கிராமினிஃபோலியா இனத்தைச் சிலிண்டர் வைத்து கார்பன் டை ஆக்சைடு விடும் மீன் தொட்டியில் தரைவிரிப்பு மாதிரி வளர்ப்பவர்களுக்கு, மிகக் குறைந்த அளவில் திரவ உரம் சரிதான். அங்கே வாயுவும் விளக்கும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, தண்ணீரும் வாராவாரம் மாறுகிறது, பொறியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | வளர்ச்சி, கிளை | பாசி அபாயம் | வேலை | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| சும்மா விடுவது | மெதுவு | குறைவு | இல்லை | காத்திருப்பு, தாதுக் குறைவு | கிப்பா வளர்ப்பவருக்கு |
| சருகும் நுண்ணுயிரும் | நன்று | மிகக் குறைவு | தொடக்கத்தில் மட்டும் | முதல் வாரங்களின் வாடை | பெரும்பாலான பால்கனிகளுக்கு |
| சருகோடு மொய்னா, டாஃப்னியா | மிக நன்று | அலசிப் போட்டால் குறைவு | தொடர்ந்து உண்டு | தனித் தொட்டி, நத்தை, நூல்பாசி | ஆரியா, ஆல்ட்ரோவாண்டா வளர்ப்பவருக்கு |
| கொசுப்புழு | நன்று | குறைவு | இல்லை | டெங்கு, அபராதம் | நகரத்தில் வேண்டாம் |
| உரம் | நிச்சயமில்லை, பொறி குறையும் | மிக அதிகம் | தண்ணீர் மாற்றம் | செடியே போகலாம் | வாயு விடும் மீன் தொட்டிக்கு மட்டும் |

## உங்கள் நிலைமைக்கு எது

வாடகை வீட்டில், கிழக்குப் பார்த்த சின்ன பால்கனி, காலையில் ரெண்டு மூன்று மணி நேர வெயில், மாதம் ஒருமுறை சேலமோ திருச்சியோ போய் வருகிறவர் என்றால் ரெண்டாவது வழியோடு நின்றுகொள்ளுங்கள். மொய்னா வளர்ப்பு உங்களுக்கு ஒத்துவராது. மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடித்து வைக்க இடமிருந்தால் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை, முதல் மழையை மட்டும் விட்டுவிட்டுப் பிடியுங்கள், தூசி முழுக்க அதில்தான் வரும்.

மொட்டைமாடியில் இடம் உண்டு, ஏற்கனவே மீன் குஞ்சுகளுக்காக மொய்னா வளர்க்கிறீர்கள் என்றால் மூன்றாவது வழி உங்களுக்குக் கூடுதல் வேலையே இல்லை, ஆரியாவுக்குப் போங்கள். மிதக்கும் பெரிய தண்டு, மஞ்சள் பூ, பொறியையும் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் ஏப்ரல் வெயிலில் ஆழமில்லாத தொட்டி கொதித்துவிடும், இரையும் சாகும் செடியும் வெளுக்கும், நிழல்வலையும் அகலமான கனத்த தொட்டியும் வேண்டும். செடியை ஏரியிலிருந்து பிடுங்கி வராதீர்கள், வளர்ப்பவரிடமிருந்து ஒரு துண்டு வாங்கினால் போதும், ஒரு விரல் நீள நுனியிலிருந்தே தொட்டி நிறையும்.

ஆல்ட்ரோவாண்டா ஆசை இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உலகத்துக்கு இந்தச் செடி 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதன்முதலாகத் தெரியவந்ததே இந்தியாவிலிருந்து போன மாதிரியிலிருந்துதான், ஆனால் இன்று உலக அளவிலேயே அழியும் ஆபத்திலுள்ள இனம். யாராவது விற்கிறேன் என்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காதீர்கள். முறையாக வளர்த்தவரிடமிருந்து கிடைத்தால், அதற்கு இரை என்பது விருப்பம் அல்ல, கிட்டத்தட்ட நிபந்தனை. இரை இல்லாமல் உயிரோடு இருக்கும், ஆனால் கிளை பிரிவது அடங்கிவிடும், கிளை பிரியாத ஆல்ட்ரோவாண்டா ஒரு தண்டு அழுகினால் அதோடு முடிந்தது. சருகு, ஆஸ்ட்ரகாட், வெளிச்சம், பாசியில்லாத தண்ணீர் நாலும் ஒன்றாக வேண்டும்.

ஏற்கனவே பாசி பிடித்த தொட்டி வைத்திருப்பவர்கள் இரையைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். சுத்தமான நுனிகளை மட்டும் வெட்டி எடுத்து, புதிய சருகுத் தொட்டிக்கு மாற்றி, பழையதில் டாஃப்னியாவை விட்டுவிடுங்கள். பச்சைத் தண்ணீரை அது தின்று தெளிய வைக்கும், நூல்பாசியை மட்டும் கையால்தான் எடுக்க வேண்டும்.

எந்த வழியானாலும் டிசம்பர், ஜனவரியில் இரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் இரவுகள் 15 டிகிரிப் பக்கம் இறங்கும்போது செடி மெதுவாகிவிடும், செரிமானமும் மெதுவாகும், அப்போது போடும் இரை பொறியிலும் அடியிலும் அழுகத்தான் செய்யும். மார்ச்சில் தண்ணீர் சூடேறி, நூல் கட்டிய கணுவைத் தாண்டிப் புதுக் கணுக்கள் சரசரவென்று வர ஆரம்பித்த பிறகு மறுபடி தொடங்கலாம்.